தொடுவானத் தாழ்வும் அதனை அளக்கும் கருவிகளும்

இலங்கையின் நடுமலைநாட்டிலே, தலவாக்கலையினின்று லிந்துலை, அக்கரபத்தனை வழியாக டயகம வரை ஏறிச் செல்லும் பாதையைப் போன்ற மலைப்பாதைகளை நோக்குவோர், அவை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிச் செல்லுதலைக் காண்பர். தேயிலை நிரைகளுக்கிடையே வெட்டப்பெறும் கான்களும் அவ்வாறே அளவான சரிவு உடையன. சரிவு மிகுந்தால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும். குறைந்தால் நீர் தேங்கும். ஆதலின் மலைநாட்டிற் பாதை அமைப்போருக்குச் சரிவை அளந்து குறிக்கும் கருவி இன்றியமையாததாயிற்று. அவ்வகைக் கருவிகளுள் ஒன்று இத்தீவின் பெயராலேயே 'சிலோன் காட் டிரேசர்' என நில அளவை நூல்களில் வழங்குகின்றது.

அதன் அமைப்பு மிக எளியது. ஒரு தாங்குகோலின் உச்சியிலே உட்டுளையுள்ள குழல் ஒன்று தொங்கும். குழலின் ஒருமுனையிற் கண் வைத்து நோக்கும் துளையும், மறுமுனையிற் குறுக்குக் கம்பிகளும் உண்டு. குழலின் மீது ஒரு பாரமான எடை முன்னும் பின்னும் நகரும். எடை நடுவே நின்றால் குழல் கிடையாக நிற்கும். எடையை நகர்த்தினால் குழல் அதற்கேற்பச் சாயும். 20-க்கு 1, 30-க்கு 1 என்றாற் போன்ற சரிவுகள் அதிற் பொறிக்கப்பெற்றிருக்கும். குழலின் உயரத்துக்கு ஒத்த அடையாளப் பலகை தாங்கிய ஒருவன் மலைச்சாரலில் ஏறியோ இறங்கியோ நிற்க, பலகையின் நடுக்கோடு குறுக்குக் கம்பியிற் பொருந்தும் இடமே பாதை செல்ல வேண்டிய இடமாகும்.

இக்கருவி நம்பியிருப்பது புவியீர்ப்பு ஒன்றையே. தொங்கும் எடை எப்பொழுதும் கீழ்நோக்கியே இழுக்கப்பெறும் என்னும் உண்மையினால் கிடைமட்டம் இதுவெனத் தெரிகின்றது. கிடைமட்டம் தெரிந்தபின் ஏற்றமும் இறக்கமும் தாமே தெரிகின்றன. மலையில் நிற்பவனுக்கு இத்துணை எளிதாகக் கிடைக்கும் கிடைமட்டம் கடலிற் செல்பவனுக்குக் கிடைப்பதில்லை. அவ்வின்மையை நீக்குதற்கு மீகாமரும் அறிஞரும் கண்ட வழிகளும் கருவிகளுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

கடலிற் கிடைமட்டம்

நடுக்கடலிற் கப்பலின் இடத்தை அறிய விரும்பும் மாலுமி, சூரியன் அல்லது ஒரு விண்மீன் கிடைமட்டத்தினின்று எத்துணைக் கோணம் உயர்ந்து நிற்கின்றது என்பதை அளக்கின்றான். பாகையில் அறுபதில் ஒரு கூறாகிய 1 கலை, புவியின் பரப்பிலே ஏறக்குறைய 1 கடல்மைலுக்கு, அஃதாவது 1852 மீற்றருக்கு, ஒப்பானது. எனவே ஏற்றக்கோணத்தில் 5 கலை தவறினால் இடத்தில் 5 கடல்மைல் தவறும். இலங்கையின் தென்கீழ்க் கரைக்கு அப்பால், கடலுக்குள் மறைந்து கிடக்கும் பாறைத் தொடர்களாகிய பெரிய பாசு, சின்னப் பாசு என்பவை கப்பலோட்டிகளை நெடுங்காலம் அச்சுறுத்தின. அவற்றின்மேல் முறையே 1873-இலும் 1878-இலும் கலங்கரை விளக்கங்கள் ஏற்றப்பெற்றன. அத்தகைய இடங்களை இரவில் அணுகும் கப்பலுக்கு 5 கடல்மைற் பிழை சிறியதன்று.

மலைநாட்டுக் கருவியைப் போன்று எடை ஒன்றைத் தொங்கவிட்டுக் கப்பலில் கிடைமட்டம் காணல் இயலாதோ எனின், இயலாது. கப்பல் உருளும்போதும், அலைமேல் ஏறி இறங்கும்போதும், திசை திரும்பும்போதும் தொங்கும் எடை புவியீர்ப்புக்கு மட்டுமன்றிக் கப்பலின் அசைவுக்கும் உட்படும். புவியீர்ப்பின் நூறில் ஒரு பங்கான பக்க அசைவே எடையை ஏறக்குறைய 35 கலை சாய்த்துவிடும்; அது 35 கடல்மைற் பிழையாகும். ஆங்கிலேயரான ஜோன் சேர்சன் என்பார் சுழலும் பம்பரத்தின் மேற்பரப்பை ஆடியாக்கி, கப்பல் ஆடினும் அது கிடையாகவே நிற்கும் எனக் கருதி 1743-இல் ஒரு கருவியை அமைத்தார். அடுத்த ஆண்டிலே 'விக்டரி' என்னும் போர்க்கப்பல் மூழ்கியபோது அவரும் உடன் மாண்டார்.

எனவே மாலுமிக்கு எஞ்சிய துணை தொடுவானம் ஒன்றே. வானமும் கடலும் கூடுவதாகத் தோன்றும் அக்கோடு, கப்பல் எவ்வளவு ஆடினும் தான் ஆடுவதில்லை. சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகள் பயன்படுத்திய இராப்பலகை என்னும் கருவியும் தொடுவானத்தையே அடிப்படையாகக் கொண்டது. சிறு பலகை ஒன்றின் நடுவே கயிறு கோத்து, கயிற்றைப் பல்லாற் பற்றி, பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ விண்மீனையும் தொடுமாறு பிடிப்பர். எந்த முடிச்சிற் பொருந்துகின்றதோ அம்முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அகலக்கோட்டிற் கப்பல் நிற்கின்றது என்று அறிவர். அக்கரை மாலுமிகளின் இத்தகைய உபாயங்களைக் கொங்கிறீவ் என்னும் படைத்தலைவர் 1850-இல் சென்னையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதழில் விளக்கி எழுதினார். அரபு மாலுமிகளும் இவ்வகைப் பலகையையே 'கமால்' எனப் பெயரிட்டு வழங்கினர். அவர்தம் அளவு ஒரு விரல் ஆகும். அஃது ஏறக்குறைய 1 பாகை 36 கலைக்குச் சமம். அத்துணைப் பெரிய அலகில் அளப்போர்க்கு 3 அல்லது 4 கலை வேறுபாடு ஒரு பொருட்டன்று.

ஆயின் 1731-இல் ஜோன் ஹட்லி இருமுறை தெறிப்பால் அளக்கும் எண்கூற்று வில்லை அமைத்ததும், பின்னர் அது 'செக்ஸ்டன்ட்' என்னும் ஆறிலொரு கூற்று வில்லாக வளர்ந்ததும் நிலைமையை மாற்றின. கருவி 1 கலையினும் நுண்ணிதாக அளக்க வல்லதாயிற்று. அப்பொழுதுதான் தொடுவானம் கிடைமட்டத்தில் இல்லை என்னும் பழைய உண்மை புதிய இடையூறாக வந்து நின்றது.

தாழ்வு என்பது யாது?

டயகமத் தோட்டங்களில் நின்று பார்ப்பவனுக்கு வானின் விளிம்பு மலைமுகடுகளே. அவை கண்ணின் மட்டத்துக்கு மேலே நிற்கின்றன. அங்கிருந்து மேலேறி ஹோட்டன் சமவெளியை அடைந்து, அதன் தெற்கு விளிம்பாகிய 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறையின் ஓரத்தில் நிற்பவனுக்குக் காட்சி மாறும். வானம் தெளிந்த நாளிலே தாழ்நாட்டுக்கு அப்பால் தென்கடல் தெரியும். அக்கடலின் விளிம்பு கண்ணுக்கு நேரே இல்லை, கீழே இருக்கின்றது. புவி உருண்டையாதலின், உயரத்தில் நிற்பவனது பார்வைக்கோடு புவியைத் தொடுமிடம் அவனது கிடைமட்டத்துக்குக் கீழே அமைகின்றது. கிடைமட்டத்துக்கும் அப்பார்வைக்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணமே தொடுவானத் தாழ்வு எனப்படும்.

2100 மீற்றர் உயரத்துக்கு வடிவகணித முறையாற் கணக்கிட்டால் தாழ்வு 1 பாகை 28 கலை ஆகும். உண்மையிற் காணப்படுவது அதனிற் சிறிது குறைவு. வளிமண்டலத்தின் கீழ்ப்படைகள் அடர்த்தி மிக்கன. அவற்றினூடே வரும் ஒளிக்கதிர் முறிந்து புவியின் வளைவைத் தழுவி வளைகின்றது. அதனால் தொடுவானம் சிறிது உயர்ந்தும் சிறிது தொலைவாகவும் தோன்றும். வளிமண்டலம் இயல்பாக இருக்கும்போது, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76 ஆற் பெருக்கத் தாழ்வு கலைகளிற் கிடைக்கும். அக்கணக்கின்படி உலக முடிவின் உயரத்துக்குத் தாழ்வு ஏறக்குறைய 1 பாகை 21 கலை. பாதை அமைப்போர் மொழியிற் கூறின் அது 42-க்கு 1 என்னும் சரிவு. மலைநாட்டுக் கருவியே அதனை உணர்த்தவல்லது. 2243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலையின் உச்சியினின்று மேற்குக் கடலை நோக்கின் தாழ்வு 1 பாகை 23 கலையாகும். அதனால் அவ்வுச்சியில் நிற்போர்க்கு, அதற்கு நேர்கீழே கடல்மட்டத்தில் நிற்பதாகக் கொள்ளும் ஒருவனுக்கு மறைந்த பின்னும் 5 நிமிடத்துக்கு மேல் சூரியன் காட்சி தரும்.

மலையுச்சியினின்று இத்தாழ்வை அளந்து புவியின் பருமனைக் கணித்தவர் அல்பிரூனி. 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனைக் கோட்டையருகே ஒரு குன்றின் உயரத்தை முதலில் அளந்து, பின் அதன் உச்சியினின்று தொடுவானத் தாழ்வை 34 கலை எனக் கண்டார். உயரமும் தாழ்வும் தெரிந்தால் ஒரு செங்கோண முக்கோணத்தால் புவியின் ஆரை தெரியும். அவர் முறை பிழையற்றது. எனினும் ஒளிமுறிவை அவர் கணக்கிற் கொள்ளவில்லை. தாழ்வை அளப்போரை இன்றுவரை விடாது பின்தொடர்ந்து வரும் இடரும் அதுவே.

பட்டியலும் அதன் எல்லையும்

கப்பலின் மேற்றளத்தில் நிற்பவனது கண் 4 மீற்றர் உயரத்தில் இருப்பின் தாழ்வு 3.5 கலை, 9 மீற்றராயின் 5.3 கலை, 16 மீற்றராயின் 7 கலை. மாலுமிகளுக்குரிய பஞ்சாங்கத்தில் இவ்வெண்கள் பட்டியலாக அச்சிடப்பெற்றுள்ளன. மாலுமி செக்ஸ்டன்ட்டில் அளந்த கோணத்தினின்று தன் உயரத்துக்குரிய எண்ணைக் கழித்துக்கொள்வான்.

இப்பட்டியல் வளிமண்டலம் இயல்பாக இருக்கும் என்னும் நம்பிக்கையின் மேல் நிற்பது. கடலைத் தொட்டு நிற்கும் மெல்லிய காற்றுப்படையோ அந்நம்பிக்கைக்கு அடங்குவதன்று. கடல்நீர் காற்றினும் வெப்பமாக இருந்தால் ஒளிக்கதிர் எதிர்ப்புறமாக வளைந்து தொடுவானம் பட்டியல் கூறுவதினும் தாழும். நீர் காற்றினும் குளிர்ந்திருந்தால் தொடுவானம் மேலெழும். தொலைவிலுள்ள கப்பல்களும் தீவுகளும் வானில் மிதப்பனபோலத் தோன்றும். பாலைநிலத்தின் வெப்பக் காற்று வீசும் செங்கடலிலும் பாரசீகக் குடாவிலும், குளிர்நீரும் வெப்பநீரும் அடுத்தடுத்து ஓடும் பகுதிகளிலும் இவ்வேறுபாடு மிகுதி. தொடுவானம் கூர்மையாகவும் தெளிவாகவும் தோன்றுவதே அதனை நம்புதற்குச் சான்றாகாது. தெளிவான கோடும் இடம் மாறி நிற்கக்கூடும்.

ஆகவே பட்டியலை நம்பாது, அளக்கும் அவ்விடத்திலேயே அவ்வேளையிலேயே தாழ்வை நேரே அளத்தல் வேண்டும். கிடைமட்டம் தெரியாத கப்பலில், கிடைமட்டத்துக்குக் கீழே தொடுவானம் எத்துணைத் தாழ்ந்தது என அளப்பது எங்ஙனம்? வினாவே தன்னைத் தான் மறுப்பது போன்றது. விடை வியக்கத்தக்க எளிமையுடையது.

எதிரெதிர்த் தொடுவானங்கள்

கிடைமட்டம் தெரியாதாயினும், கிடைக்கோட்டின் இரு முனைகளுக்கும் இடையே தலைக்கு மேலாக உள்ள கோணம் 180 பாகை என்பது தெரியும். முன்னே உள்ள தொடுவானமும் பின்னே உள்ள தொடுவானமும் ஒவ்வொன்றும் ஒரே அளவு தாழ்ந்திருப்பின், அவ்விரண்டுக்கும் இடையே தலைக்கு மேலாக அளக்கும் கோணம் 180 பாகையோடு தாழ்வின் இருமடங்கும் சேர்ந்ததாகும். மிகுதியைப் பாதியாக்கின் தாழ்வு வெளிப்படும். இங்கே எடையும் வேண்டா, நீர்மட்டமும் வேண்டா. அறியாத கிடைமட்டம் கணக்கினின்று தானே நீங்கிவிடுகின்றது.

தனிக்கருவி இல்லாத மாலுமியும் இதனைச் செய்தல் கூடும். அதற்கு இந்து சமுத்திரம் போன்ற வெப்பமண்டலக் கடல்கள் மிகவும் ஏற்றன. நண்பகலிற் சூரியன் 60 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும்போது, அதன் ஒரே விளிம்பை முதலில் அதன் கீழுள்ள தொடுவானத்தினின்றும், பின் முதுகுப்புறத் தொடுவானத்தினின்றும் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக முதல் அளவு 70 பாகை 6 கலை, இரண்டாம் அளவு 110 பாகை 5 கலை எனக் கொள்க. கூட்டுத்தொகை 180 பாகை 11 கலை. மிகுதியாகிய 11 கலையிற் பாதி 5.5 கலையே அப்பொழுதைய தாழ்வு. கண்ணின் உயரம் 9 மீற்றராயின் பட்டியல் 5.3 கலை என்று கூறும். அன்றைய தொடுவானம் நம்பத்தக்கது எனத் துணியலாம். பாதி 9 கலையாக வந்திருப்பின் பட்டியலை அன்று ஒதுக்க வேண்டும்.

சூரியன் உயராத வேளையிலும் அளக்கத்தக்க கருவியை எண்ணியவர் வில்லியம் ஹைட் வொலஸ்ரன் என்னும் ஆங்கில அறிஞர். தொடுவானத்தருகே ஒளிமுறிவு பற்றியும், கடலில் தாழ்வை அளக்கும் முறை பற்றியும் அவர் 1803-இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் ஏட்டில் எழுதினார். பின்னர் அவர் அமைத்த தாழ்வுமானியில் இரு ஆடிகள் ஒன்றற்கொன்று ஏறக்குறையச் செங்கோணமாக நிறுத்தப்பெற்றன. நோக்குவோன் பக்கவாட்டில் நின்று எதிரெதிரான இரு தொடுவானங்களையும் ஒரே பார்வையிற் காண்பான்; ஒரு நுண்திருகைத் திருப்பி அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவான். அதன்பின் கருவியைத் தலைகீழாகப் புரட்டி மீண்டும் அளப்பான். முதலிற் பெறுவது 180 பாகையோடு தாழ்வின் இருமடங்கு கூடியது. இரண்டாவது 180 பாகையினின்று தாழ்வின் இருமடங்கு குறைந்தது. இரண்டன் வேறுபாடு தாழ்வின் நான்மடங்கு. கருவியின் ஆடிகள் சிறிது பிசகி அமைந்திருப்பினும் அப்பிசகு இரு அளவுகளிலும் ஒரே வகையாக நிற்குமாதலின், கழிக்கும்போது மறைந்துபோம். வடதுருவக் கடல்களை ஆராயச் சென்ற ஆங்கிலேயக் கப்பல்கள் 1818-இல் இக்கருவியைக் கொண்டு சென்றன.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் சைஸ் தொழிற்சாலையைச் சார்ந்த கார்ல் புல்பிரிச் ஆடிகளுக்கு மாற்றாக அரியங்களைக் கொண்டு தாழ்வுமானி ஒன்றை ஆக்கினார். ஆடிகள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் இடம் பெயரும். ஒரே கண்ணாடிக் கட்டியில் தீட்டிய அரியத்தின் முகங்களோ தம்முள் விலகுவதில்லை. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையைச் சார்ந்த ஜோன் பிளிஷ் செக்ஸ்டன்ட்டிலேயே பொருத்தத்தக்க ஓர் அரியத்தை அமைத்தார். அதனால் ஒரே கருவி விண்மீனையும் அளந்தது, பின்புறத் தொடுவானத்தையும் காட்டியது. உருசிய அறிஞர் கவ்றாய்ஸ்கி அமைத்த தாழ்வுமானி சோவியத்துக் கப்பல்களில் வழங்கிற்று.

இக்கருவிகள் கண்ட முடிபு என்ன? மரத்தாலும் காந்தமேறாத உலோகங்களாலும் கட்டப்பெற்று, புவிக்காந்தத்தை அளக்க உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'கார்ணகி' என்னும் ஆராய்ச்சிக் கப்பலில் தொடுவானத் தாழ்வும் ஆயிரக்கணக்கான முறை அளக்கப்பெற்றது. அக்கப்பல் 1911-இல் கொழும்புத் துறைக்கும் வந்து சென்றது. அவ்வளவீடுகளிற் பட்டியலினின்று கண்ட மிகப் பெரிய வேறுபாடு ஏறக்குறைய 2.5 கலையே. திறந்த பெருங்கடலிற் பட்டியல் பெரும்பாலும் நம்பத்தக்கது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் பிற இடங்களில் 10 கலைக்கு மேற்பட்ட வேறுபாடுகளும் குறிக்கப்பெற்றுள்ளன. பட்டியல் பல நாட்களுக்குப் பொதுவாக உண்மை கூறும். கருவி இன்றைய நாளுக்கு உண்மை கூறும். கப்பல் பாறையை அணுகுவதோ பொதுவான நாளிலன்று. குறித்த ஓர் இரவிலேயாம்.

கருவியின் எல்லையும் அதன் படிப்பினையும்

தாழ்வுமானிக்கும் எல்லை உண்டு. இருபுறத் தொடுவானங்களும் ஒரே அளவு தாழ்ந்துள்ளன என்பது அதன் அடிப்படை. ஒருபுறம் கரையும் மறுபுறம் பெருங்கடலுமாக இருக்கும் இடத்திலே காற்றின் வெப்பநிலை இருபுறமும் ஒத்திராது. அப்பொழுது கருவி இரண்டன் சராசரியையே தரும். ஒருபுறத் தொடுவானம் மூடுபனியால் மறைந்தால் கருவி பயன்படாது. இதனை உணர்ந்த மாலுமிகள் நான்கு திசைகளிலும் உள்ள விண்மீன்களைத் தெரிந்து அளப்பர். எல்லாத் திசைகளிலும் தொடுவானம் ஒரே அளவு பிழைத்திருப்பின், வடக்கு விண்மீன் கப்பலை வடக்கே இழுக்கும் அளவுக்குத் தெற்கு விண்மீன் தெற்கே இழுக்கும். கப்பலின் இடம் நடுவே நிலைபெறும். இதுவும் எதிரெதிர் நோக்கும் முறையின் மற்றொரு வடிவமே.

செயற்கை மதிகளால் இடமறியும் முறை 1995-இல் முழுமை பெற்றபின் விண்மீன்களை நோக்கும் மாலுமிகள் அருகினர். ஆயினும் மின்கருவிகளைப் பகைவர் குழப்புதல் கூடும் என்பதனால், ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி தான் கைவிட்டிருந்த வானோக்கு மாலுமிக் கலையை 2015-இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. அக்கலையைக் கற்போர் எவரும் தொடுவானத் தாழ்வைக் கழித்தே தீர வேண்டும்.

கற்போர் இதனினும் பெரிதொன்றை இக்கருவியினின்று கற்கலாம். மலையில் பாதை வகுப்பவனுக்குப் புவியீர்ப்பு ஐயமற்ற ஒரு மட்டத்தைத் தருகின்றது. கடலில் அம்மட்டம் இல்லை. உள்ள தொடுவானமும் இடம் மாறும் இயல்பினது. அளக்கும் கருவியும் தன் பிசகு உடையது. இம்மூன்று குறைகளுக்கும் நடுவே, ஒன்றை ஒன்றற்கு எதிரே நிறுத்தி, பின் கருவியையே புரட்டி நிறுத்தி, குறைகள் தம்முட் கழியுமாறு செய்து உண்மையைப் பிரித்தெடுத்தனர் அறிஞர். பிழையற்ற கருவியைத் தேடிக் காத்திராது, பிழையுள்ள கருவியைக் கொண்டே பிழையற்ற அளவைப் பெறும் வழி காண்பதே அளவை நூலின் உயிர். நிலையான கோடு என்று கண் துணிந்த தொடுவானமே அந்நெறியை மாலுமிக்குக் கற்பித்த ஆசான் எனலாம்.